பலகைக் கம்பெனி – 11: நிலையைத் தொட்ட கை

"தொட்டாக. சரி, மேனேஜர் சார் நம்ம நிலையைத் தொட்டாக. இப்ப அதுக்கு என்னங்கிறே?"

"சும்மா தொடலலே. உள்ளங்கைய விரிச்சு அப்படியே அமுக்கி வச்சாக. வச்சிட்டு ஒரு நொடி நின்னாக. அதுக்கப்புறந்தான் காலெடுத்து உள்ள வச்சாக."

"புது இடம். தலை இடிச்சிருமோன்னு பிடிச்சிருப்பாக."

"தலை இடிக்கும்னா மேலதானே பிடிக்கணும்? இடுப்பு ஒசரத்துல எதுக்குப் பிடிக்கணும்?"

"யம்மா, காலங்காத்தால உசிர வாங்காத."

"செல்போனையும் டிரைவர் கையில குடுத்துட்டு வந்தாக. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பேசிக்கிட்டு இருக்கையில யாரும் கூப்பிடக் கூடாதுன்னு குடுத்திருப்பாக. அதுக்குப் பேரு மருவாதி. நம்ம ஊர்ல எவனுக்கும் தெரியாத மருவாதி."

அடுப்படி வாசலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "அப்ப நீ மட்டும் ஏண்ணே மருவாதி இல்லாம, அவுக போற வரைக்கும் ரெண்டு கையையும் பேண்ட் பைக்குள்ள விட்டுக்கிட்டு நின்னே?"

முனியராஜ் தங்கையை முறைத்தான்.

"துரைக்கு இப்பல்லாம் இட்லிக்கே ஸ்பூன் வேண்டியிருக்கு" என்றாள் ஓவியா விடாமல். "செங்கோட்டையில இருபது நாள் இருந்துட்டு வந்ததுக்கே இப்படி. சென்னைக்குப் போயிருந்தா நாம ஊட்டி விடணும்."

"டிரெய்னிங்ல எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுவாக. உனக்கு என்ன தெரியும்? காலண்டர் தாளை அடுக்குறதோட இருந்துக்க."

"அடுக்குறேன், அடுக்குறேன். சாருக்கு ஜூஸ் போட வாங்கி வச்ச எலுமிச்சம்பளம் ரெண்டையும் யாரு எடுத்தான்னு மட்டும் சொல்லிட்டுப் போ. வெறுந்தண்ணியக் குடுக்கவேண்டியதாப் போச்சு."

முனியராஜ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். வாசலைத் தாண்டும்போது அம்மா இருளம்மாளைப் பார்த்துச் சொன்னான். "நாளைக்குப் பத்தரை மணிக்குப் பத்திர ஆபீஸ். நல்ல சேலையா எடுத்து வையி. நான் சார்கூட விருதுநகர் வரைக்கும் போயிட்டு சாயந்தரம் வந்துருவேன்."

வண்டிச் சத்தம் தெருவின் கடைசி வரை கேட்டது. இருளம்மாள் நிலைக்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

பலகைக் கம்பெனி வருகிறது என்ற பேச்சு பொங்கலுக்கு முன்பே ஊருக்குள் நுழைந்துவிட்டது. ஆமத்தூருக்கு மேற்கே, மழையை மட்டுமே நம்பிக் கிடக்கும் கரிசலில் சீமைக்கருவேல மரம் கேட்பாரில்லாமல் வளர்ந்து நிற்கிறது. அதை வெட்டி, அரைத்து, பசை சேர்த்து, மெஷினில் அழுத்திப் பலகை செய்யப் போகிறார்களாம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஆகிற பலகை. முந்நூறு பேருக்கு வேலை. நிலம் கொடுக்கிற வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை.

பன்னிரண்டு வீட்டார் சம்மதித்து விலை பேசி முடித்துவிட்டார்கள். மிச்சமிருப்பது இருளம்மாளின் ஒரு ஏக்கர் இருபது சென்ட். அது தார்ரோட்டை ஒட்டிக் கிடக்கிறது. அதைத் தாண்டாமல் மற்ற பன்னிரண்டு பேர் நிலத்துக்கும் ஒரு மாட்டுவண்டி கூடப் போக முடியாது. அதனால்தான் மேனேஜர் லட்சுமிகாந்தம் இன்று, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார். "உங்க பையனுக்கு சூப்பர்வைசர் வேலை. ஆர்டர் டைப் அடிச்சு ரெடியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

இருளம்மாள் அந்த ஒரு வேலைக்காகத்தான் நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்தாள். வேறு எதற்காகவும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, பட்டாசுக் கம்பெனியில் அவள் புருஷன் ஊர்க்காவலன் மருந்து கலந்துகொண்டிருந்த ரூம் வெடித்தது. அதே கம்பெனியில் நான்கு ரூம் தள்ளி அவள் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடமே ஊரார் கூடி, இந்தப் பக்கத்தில் இனி எவனும் பட்டாசுக் கம்பெனி கட்டக் கூடாது என்று ஆளுக்கொரு கைநாட்டு வைத்துக் கலெக்டருக்கு மனுக் கொடுத்தார்கள். இருளம்மாள் தனியாக இன்னொரு முடிவும் எடுத்தாள். தான் போகலாம், தனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஆனால் மகன் கை மட்டும் மருந்தைத் தொடக் கூடாது.

லாரிக் கிளீனராக இரண்டு வருடம், செல்போன் கடையில் ஒரு வருடம், சும்மா ஒரு வருடம் என்று அலைந்த முனியராஜுக்கு, மரத்தை அறுக்கிற வேலை வானத்திலிருந்து இறங்கியதுபோல் வந்தது. கம்பெனியே அவனைச் செங்கோட்டைக்குப் பலகை மில்லில் டிரெய்னிங் எடுக்க அனுப்பியது. வியாழக்கிழமைதான் திரும்பி வந்தான்.

*

"இங்க வந்து பாரு" என்று மகளைக் கூப்பிட்டாள் இருளம்மாள்.

வேப்பமரத்து நிலை. வலது பக்கம், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருத்த பளபளப்பு. கட்டையில் எண்ணெய் இறங்கியதுபோல் இருந்தது.

"தெரியும்மா. அப்பா கை."

பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமுக்குள் நுழைவதற்கு முன்னால், செல்போனை வெளியே கொடுத்துவிட்டு, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து ஒரு நொடி நிற்க வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பார்கள். இறங்காத உடம்போடு போய் மருந்தைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். வருடக்கணக்கில் தொட்டுத் தொட்டு நுழைந்தவர்களின் கைக்கு, வீடு எது, மருந்து ரூம் எது என்ற வித்தியாசம் மறந்துபோகும். ஊர்க்காவலன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நிலையைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவான். கோயிலில் தொட்டால் எல்லோரும் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

"கேரளாவுல பதினஞ்சு வருசம் பிளைவுட் கம்பெனியில இருந்தேன்னு சொன்னாகல்ல?" என்றாள் இருளம்மாள். "பலகை செய்றவுக கைக்கு இந்தப் பழக்கம் எங்கனருந்து வந்துச்சு?"

ஓவியா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அப்ப பலகைக் கம்பெனின்னு நம்மகிட்டச் சொல்லிட்டு, பட்டாசுக் கம்பெனி கட்டப் போறாகங்கிறியா?"

அவ்வளவு நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை மகள் பட்டென்று சொல்லிவிட்டாள். இருளம்மாள் அவசரமாகத் தெருவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"வா. நெலத்தப் பாத்துட்டு வருவோம்."

*

குழாயடியில், நிலம் விலை பேசி முடித்த பன்னிரண்டு வீட்டாரில் ஒருத்தியான பாலம்மாள் மடக்கினாள்.

"என்ன மதினி, நடந்தா போறீக? சுமோ வந்துச்சே, ஏத்திக்கிட்டுப் போகலியா?"

"சுமோவுக்கு எங்க கனம் தாங்காதாம்."

"எம் மருமகளுக்கு ஒரு எடம் சொல்லி வைங்க. அவளுக்கு மரம் அறுக்கத் தெரியாது. ஆனா ரம்பத்த அவ வாய்க்குள்ளயே வச்சிருக்கா, தனியா வாங்கவேண்டாம்னு சாருகிட்டச் சொல்லுங்க."

குழாயடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பாலம்மாள் பக்கத்தில் வந்து, குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு நீங்க கை வச்சாத்தான் எங்க எல்லாத்துக்கும் கிரையமாம். வச்சிருவீகல்ல மதினி?"

"பாப்போம்" என்றாள் இருளம்மாள்.

அந்த ஒரு வார்த்தை குழாயடியில் குடத்துத் தண்ணீர்போல் தளும்பியது. இருவரும் தெருமுனை திரும்பும் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றதை ஓவியா கவனித்தாள்.

*

ரோட்டோரத்தில் தகரப் பலகை வெயிலில் மின்னியது. 'நவீன மரப்பொருள் தொழிற்சாலை. 300 பேருக்கு வேலைவாய்ப்பு. சீமைக்கருவேலம் ஒழிப்போம், சீரான வாழ்வு படைப்போம்.' ஒரு பெரிய பச்சை மரமும், அதன் நிழலில் சிரிக்கிற ஒரு குடும்பமும் வரைந்திருந்தார்கள். குடும்பத்தில் எல்லோரும் வெள்ளையாக, குளிர் தேசத்துக்காரர்கள்போல இருந்தார்கள். காலண்டர் கம்பெனியில் பனிமலைப் படங்களை அடுக்கி அடுக்கி, ஓவியாவுக்கு அந்த மாதிரி முகங்கள் பழக்கம். எந்த வருடத்துக் காலண்டரிலிருந்து வெட்டிய முகங்கள் என்றுகூட அவளால் சொல்லியிருக்க முடியும்.

"யம்மா, இதுல முதலாளி பேரு இல்ல."

"கம்பெனி பேரும் இல்ல, பாத்தியா."

இருளம்மாள் தன் நிலத்தில் விட்ட வழியாக உள்ளே போய், ஜே.சி.பி. பதினைந்து நாளாக வேலை செய்த இடம். அவர்கள் நிலத்துக்குப் பின்னால் கருவேலங்காடு இருந்த சுவடே இல்லை. கரிசல் மண், தலைமுடி மழித்த பிள்ளையின் மண்டைபோல வெறுமையாகக் கிடந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடுகள். கோடுகளின் மூலைகளில் முளைக்குச்சிகள்.

ஓலைப் பந்தலுக்குக் கீழே கட்டிலில் படுத்திருந்த காவல்காரர் சீனிச்சாமி எழுந்து வந்தார்.

"யாரும் உள்ள வரக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காக தாயி."

"எங்க நெலத்துக்குள்ள நான் நிக்கிறதுக்குமா, சித்தப்பா?"

"ஒங்க நெலம் அந்தப் பனை வரைக்கும். அதுக்குள்ள நீ உருண்டு பொரளு, நான் கேக்க மாட்டேன்."

"நாளைக்கு எழுதிக் குடுத்துட்டா அதுவும் ஆகாதுல்ல? இன்னைக்கு ஒரு நடை நடந்துட்டுப் போயிருதேன்."

கிழவர் தலையைச் சொறிந்தார். கல்யாணமாகிப் போகிற பெண்ணைப் பார்க்க வந்தவளைத் தடுக்கிறோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். திரும்பிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

இருளம்மாள் பனையைத் தாண்டி, முதல் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் போய் நின்றாள். சின்ன ரூம். பத்தடிக்குப் பத்தடி இருக்கும். நான்கு பக்கக் கோட்டிலும் நடுவில் ஓர் எட்டு வைக்கும் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள்.

"நாலு பக்கமும் வாசல்" என்றாள். "மருந்து ரூமுக்குத்தான் இப்படி வைப்பாக, எந்தப் பக்கமும் ஓட."

பிறகு அந்தக் கட்டத்தின் ஓரத்திலிருந்து அடுத்த கட்டத்தைப் பார்த்து நடந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. தலையில் பெட்டி அடுக்கு இருப்பதுபோல் கழுத்து அசையாத நடை. எட்டுகளை எண்ணி உதடு மட்டும் அசைந்தது. அடுத்த கோட்டில் கால் பட்டதும் நின்றாள்.

"எம்புட்டும்மா?"

"இருபத்தஞ்சு."

அங்கிருந்து மூன்றாவது கட்டத்துக்கு நடந்தாள். இருபத்தைந்து. பக்கவாட்டில் இருந்த கட்டத்துக்கு நடந்தாள். அதுவும் இருபத்தைந்து.

பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவள் நடக்கிற தூரம் அது. ஒரு ரூம் வெடித்தால் அடுத்த ரூமைத் தொடாமல் இருப்பதற்காக விடுகிற இடைவெளி. அந்த வெள்ளிக்கிழமை நான்கு ரூம்களைக் கடந்து ஓடியபோது மட்டும்தான் அவள் அதை எண்ணவில்லை.

ஓவியா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"யம்மா, மரமும் தீப்பிடிக்கிற சாமான்தானே? அதுக்காகத் தள்ளித் தள்ளிக் கட்டுவாகளோ என்னமோ."

"மரம் எங்க இருக்கு?" என்றாள் இருளம்மாள்.

அப்போதுதான் ஓவியாவுக்கும் உறைத்தது. அவ்வளவு பெரிய காட்டை வெட்டியிருக்கிறார்கள். பலகை செய்யத்தான் வெட்டினார்கள். ஒரு கட்டை கூட அங்கே இல்லை.

சீனிச்சாமியிடம் கேட்டதற்கு அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார். "அதெல்லாம் லோடு லோடா சிவகாசிக்குப் போயிருச்சு தாயி. பீர் முகைதீன் பாய் வெறகுக்கடைக்கு."

"பீர் முகைதீன் மாமாவா?" என்றாள் ஓவியா. "யாஸ்மின் அத்தா."

*

சிவகாசியில் ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவே தூங்கி வழிவதுபோல் இருக்கும். அச்சாபீஸ்களின் சத்தம் இல்லாததால் காக்கை கரைவதுகூடக் கேட்டது. விறகுக்கடை மட்டும் திறந்திருந்தது. எடைத் தராசுக்குப் பக்கத்தில் பீர் முகைதீன் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓவியாவோடு காலண்டர் கம்பெனியில் வேலை செய்யும் யாஸ்மினின் தகப்பனார்.

"வாங்க, வாங்க. யாஸ்மின் அவ பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காளே. சாப்பிட்டீகளா?"

"ஆச்சுண்ணே" என்று பொய் சொன்னாள் இருளம்மாள். கடைக்குப் பின்னால் மலைபோல் கிடந்த கருவேலங்கட்டைகளைப் பார்த்தாள். "ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். அந்தக் கட்டையெல்லாம் எங்கனருந்து வந்துச்சு?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்குறீக? எல்லாம் ஒங்க ஊர் மரம். பதினெட்டு லோடு." பேப்பரை மடித்தார். "மனசுல வச்சுக்கிட்டு நானா கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீக. அது நெசமாவே பலகைக் கம்பெனிதானா?"

"ஏண்ணே?"

"கருவேல மரத்துல பலகை செய்யப் போறேங்கிறான். அந்த மரத்தையே லோடு போட்டு எனக்கு விக்கிறான். பால்பண்ணை வைக்கப் போறவன் மொத வேலையா மாட்ட விப்பானா? எனக்கு லாபம்தான், வாங்கிப் போட்டுக்கிட்டேன். ஆனா மனசுக்குள்ள ஒரு இது."

ஓவியா கேட்டாள். "மாமா, பலகைக் கம்பெனி எப்படி இருக்கும்? சின்னச் சின்ன ரூமாக் கட்டுவாகளா?"

"ரூமா? ரூமுல என்னத்தச் செய்ய?" அவர் கையை நீட்டித் தெரு முழுவதையும் காட்டினார். "இந்தத் தெரு நீளத்துக்கு ஒரே கொட்டகை. அந்தப் பக்கம் மரம் நுழைஞ்சா இந்தப் பக்கம் பலகையா வெளிய வரணும். ஒசரமா ஒரு புகைப்போக்கி. லாரியோட நிறுக்க எடைமேடை. நான் புனலூர்ப் பக்கம் பாத்திருக்கேன்."

இருளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தது. இன்னும் யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.

"நம்ம முனியராசுவும் பாவம், இதெல்லாம் தெரியாம ஏமாந்துட்டான்" என்றாள். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. "செங்கோட்டைக்கு அனுப்பி மூணு வாரம் அங்கனயே வச்சிருந்தாக. இங்க நடக்கிறது அவனுக்கு என்ன தெரியும்?"

பீர் முகைதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"செங்கோட்டைக்கா?"

"ஆமா. வியாளக்கிளமைதான் வந்தான்."

"செவ்வாக்கிளமை கடைசி ரெண்டு லோடு வந்துச்சு தங்கச்சி. ஒங்க மகன்தானே லாரியில முன்னால உக்காந்து வந்தாரு?"

"வேற யாராவது இருக்கும் மாமா" என்றாள் ஓவியா.

"ஏம்மா, எனக்கு அவரைத் தெரியாதா? டீ வாங்கிக் குடுத்தேன். கையில வாங்கல, மேசையில வைக்கச் சொன்னாரு. ரெண்டு கையிலயும் துண்டைச் சுத்தியிருந்தாரு. என்ன தம்பின்னு கேட்டேன். கருவேலமுள்ளு குத்திருச்சுன்னாரு." அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இருளம்மாளின் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டிருக்க வேண்டும். "முள்ளு குத்தத்தான் செய்யும். நம்ம லோடுமேன்களுக்கெல்லாம் குத்தும்."

"ரெண்டு கையிலயுமாண்ணே?" என்றாள் இருளம்மாள்.

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் போய்க்கொண்டிருந்தன. முள்வேலி, வேப்பமரங்கள், தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன ரூம்கள். சின்ன வயதில் அவற்றையெல்லாம் யாரோ விளையாட அடுக்கி வைத்த வீடுகள் என்று ஓவியா நினைத்திருக்கிறாள். ஒரு வீட்டில் ஒரு ராசா, அடுத்த வீட்டில் இன்னொரு ராசா, யாரும் யாரோடும் பேச மாட்டார்கள் என்று கதை கட்டியிருக்கிறாள். பிற்பாடுதான் ஏன் அவ்வளவு தள்ளி என்று தெரிந்தது.

"அண்ணங்கிட்ட நேராக் கேட்டுருவோம்மா."

"கேட்டா பதில் சொல்லுவான். ஒண்ணுக்கும் பதில் இல்லாம இருக்க மாட்டான். காலையில பாத்தேல்ல."

ஊர் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை. அரசாங்கம் கொடுத்த டி.வி.யின் முகம் கருப்பாக, இருவரும் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருளம்மாள் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள். பிழிந்து கசக்கிப்போட்ட எலுமிச்சம்பழத் தோல். இரண்டு பழமும். பக்கத்தில் ஒரு பிடி தவிடு.

கம்பெனியில் அலுமினியப் பொடி புழங்குகிறவர்கள் சாயந்தரம் எலுமிச்சைத் தோலும் தவிடும் சேர்த்துத்தான் கையைத் தேய்ப்பார்கள். என்ன தேய்த்தாலும் ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் ஒரு வெள்ளி நிறம் நான்கைந்து நாளைக்கு நிற்கும். ஊர்க்காவலன் சோறு பிசையும்போது விளக்கு வெளிச்சத்தில் அவன் விரல் மீன்போல மின்னும். ஆரம்பத்தில் அது அழகாகக்கூட இருந்தது அவளுக்கு.

ஒரு தோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மங்கிய வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை வாசம்தான் வந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது.

*

"அல்வா வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று முனியராஜ் பொட்டலத்தை டி.வி. மேல் வைத்தான். கூடவே மடித்த ஒரு தாளையும் வைத்தான். "ஆர்டர். சார் இன்னைக்கே குடுத்துட்டாக. எங்கம்மா வாக்கு மாற மாட்டாகன்னு சொல்லித்தான் வாங்கிட்டு வந்திருக்கேன்."

ஓவியா சிமினி விளக்கை ஏற்றினாள். இருளம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மகன் விளக்கின் வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து நின்றான். அல்லது அது அவளுக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம்.

"சீனிச்சாமி தாத்தா போன் பண்ணாரு" என்றான். "நெலத்துக்குப் போனீகளாமே."

"போனோம். எல்லாம் சின்னச் சின்ன ரூமா இருக்கு."

"தொளிலாளிகளுக்கு குவார்ட்டர்ஸ்ம்மா. வெளியூர்க்காரங்க வருவாகல்ல."

"குவார்ட்டர்ஸுக்கு நாலு பக்கமும் எதுக்குலே வாசல்?"

"காத்து வரத்தான்."

"புருசன் பொண்டாட்டி சண்டை போட்டா ஆளுக்கு ரெண்டு வாசலா?" என்றாள் ஓவியா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"மரத்த ஏன் வித்தாக?"

"அது வெறும் முள்ளு. மெஷினுக்கு அது ஆகாதாம். தூத்துக்குடிக்குக் கப்பல்ல வேற மரம் வருது."

"செவ்வாக்கிளமை நீ சிவகாசியில இருந்தியா?"

முனியராஜின் கண் தங்கையிடம் போய் வந்தது. ஒரே ஒரு கணம்தான். "ஒரு நாள் லோடு பாக்க வரச் சொன்னாக, வந்தேன். ராத்திரியே திரும்பி பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வர நேரமில்ல. பாய் சொன்னாரா?"

இருளம்மாள் நினைத்ததுபோலவே எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலும் அளவெடுத்துச் செய்ததுபோல் கேள்விக்குள் சரியாகப் பொருந்தியது.

"நீ என்னையச் சந்தேகப்படுறே" என்றான் முனியராஜ். "ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தனும் மேல வர்றான். நான் மட்டும் இருவத்தாறு வயசுல உன்கிட்டச் செலவுக்குக் காசு கேட்டு நிக்கணும். சரி, ஒரு பேச்சுக்கு வச்சுக்க. அது பட்டாசுக் கம்பெனியாவே இருக்கட்டும். நீ இன்னைக்கு வரைக்கும் எங்க வேலைக்குப் போறே? எனக்குச் சோறு போட்டது எது? நீ போகலாம், நான் போகக் கூடாதா?"

"அண்ணே" என்றாள் ஓவியா.

"பேச்சுக்குத்தான் சொல்றேன்" என்றான் அவன் அவசரமாக. "பேச்சுக்குத்தான்."

தெருவில் பாலம்மாளின் குரல் கேட்டது. யாரிடமோ, நாளைக்குப் பத்தரைக்கு எல்லோரும் சேர்ந்து ஒரே வேனில் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டு போனாள்.

இருளம்மாள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் நிழல் சுவரில் ஏறி, ஊர்க்காவலனின் படத்தை மறைத்தது.

"ஏலே முனியராசு. அது என்ன கம்பெனின்னு நான் இனிமே கேக்கல. செங்கோட்டையில இருந்தியா எங்க இருந்தேன்னும் கேக்கல. நாளைக்கு வேன்ல மொத ஆளா நான் ஏறுறேன். நீ காட்டுற எடத்துல கை வைக்கிறேன். அப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு கைகளும் பேண்ட் பைக்குள் இருந்தன.

"அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு."

விளக்கைச் சற்று உயர்த்திப் பிடித்தாள். திரியைத் தூண்டிவிட்டாள்.

"இங்கன, வெளிச்சத்துக்கு வந்து, ஒன் ரெண்டு உள்ளங்கையையும் எனக்குக் காட்டு."